மிதிக்குப் போட்ட சுழி

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. சில எழுத்துகள் குண்டாகவும் சில நோஞ்சானாகவும் இருக்கும். வரி மேலே ஏறிப் போய் அங்கிருந்து வழுக்கிக் கீழே வரும். கோடு போட்ட தாள்தான், கோட்டின் மேல் பழி இல்லை. இந்தப் பக்கத்தை எழுத மூன்று நாள் ஆனது. முதல் நாள் 'அன்புள்ள' வரைக்கும் வந்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். யாரையும் எழுதச் சொல்லவில்லை. எட்டு மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறேன். அறுபத்தொன்பது வயதில் முதல் பெஞ்சு! பக்கத்தில் சலவைக்கடைக்காரர். அவர் என்னைப் பார்த்து எழுதுகிறார், நான் அவரைப் பார்த்து எழுதுகிறேன், இருவருக்கும் ஒரே தப்பு. டீச்சர், "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மார்க் எடுங்க, போதும்" என்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நெடில் சுழி. 'கி' எழுதி, கொக்கியின் நுனியில் சின்னதாக ஒரு சுழி போட்டால் 'கீ' ஆகிவிடுகிறது. கயிற்றில் முடிச்சுப் போடுவது மாதிரியே இருக்கிறது. நாற்பது வருஷம் பியானோக்களுக்குக் கயிறு கட்டித் தூக்கிய கை அல்லவா, கண்ட இடத்திலெல்லாம் முடிச்சுப் போடுகிறது. கிளி எழுதச் சொன்னால் கீளி எழுதுகிறேன். "உங்க கிளி ரொம்ப நீளம்" என்கிறார் டீச்சர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் புது வீட்டு வாசலில், லாரியில் உன் பியானோ நிற்க, நான் படிக்கட்டைப் பார்த்துவிட்டு "ஏறாது" என்றேன். "எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கு என்ன தெரியும்?" என்று நீ கேட்டாய். அதோடு நம் பேச்சு நின்றது. குத்திக்காட்ட இதை எழுதவில்லை, சத்தியமாக. நீ கேட்டது மனதில் கிடந்தது, அதனால்தான் வகுப்பில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு அதை மறந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம்.

போன் செய்யலாமே என்பாய். போனில் நீ முந்திக்கொண்டு பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கும் வரை நீ வாயைத் திறக்க முடியாது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது எதில் வாசிக்கிறாய்? பெரிய எழுத்தில் பதில் போடு.

உன் அண்ணன்


ஜனவரி 15

அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. எழுதியது நீங்கள்தான் என்று நம்பக் கொஞ்ச நேரம் ஆனது. கிளி பற்றிய இடத்தில் நம்பிவிட்டேன்.

கேட்டதற்குப் பதில். பியானோவில் வாசிக்கவில்லை. லாரி திரும்பிய வாரமே அதை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது இருப்பது மேசை மேல் ஒரு கீபோர்டு, ஒரு லேப்டாப், அதற்குள் பியானோ போல ஒலிக்க வேண்டிய ஒரு சாஃப்ட்வேர். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன். வெளியே கேட்பதெல்லாம் கட்டைகள் டொக் டொக்கென்று தட்டும் சத்தம் மட்டும். கீழ்வீட்டம்மா நேற்று மாடிப்படியில் நிறுத்தி, "தினமும் அப்படி என்னத்தைங்க நறுக்குறீங்க?" என்று கேட்டார்.

நடனப் பள்ளியில் பயிற்சிக்கு வாசிப்பது இருபத்திரண்டு வருஷமாக என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளி புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. அங்கே பியானோ இல்லை. இனி வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். பன்னிரண்டு பாடங்கள், பன்னிரண்டு பதிவுகள். முதல் மூன்றை அனுப்பினேன். தலைமை ஆசிரியை போன் செய்தார். "வாசிக்கிறது நீங்கதான்னு தெரியுது. ஆனா பொண்ணுங்க குதிக்க மாட்டேங்குறாங்க. இந்தச் சத்தத்துல மூச்சே இல்ல" என்றார். பிப்ரவரி முடிவதற்குள் சரியாகாவிட்டால் கடையில் கிடைக்கும் ரெடிமேட் பதிவுகளை வாங்கிக்கொள்வார்களாம். என் இடத்தில் ஒரு பொத்தான் உட்காரும்.

விடப்போவதில்லை. சாஃப்ட்வேரில் முப்பத்தெட்டு குமிழ்கள் இருக்கின்றன, திரையில் மட்டும் தெரியும் குமிழ்கள். ஒவ்வொன்றையும் திருப்பி, அதே நான்கு வரியை வாசித்து, என்ன மாறியது என்று நோட்டில் எழுதுகிறேன். இன்று பத்தொன்பதாவதில் இருக்கிறேன்.

அன்று பியானோ மேலே ஏறியிருந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்திருப்பானேன்.

உங்களுக்குக் காது உண்டு என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். அந்த மூன்று பதிவுகளையும் ஒரு பென் டிரைவில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம். குறை வேண்டும்.

தங்கை


ஜனவரி 22

அன்புள்ள தங்கைக்கு,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பல் முளைக்கும் முன்பிருந்து நான் உனக்கு 'நீ'தான். பரவாயில்லை, எழுதிப் பழக எனக்கும் ஒரு நீளமான சொல் கிடைத்தது.

வகுப்புக் கம்ப்யூட்டரில் டீச்சர் உன் பதிவைப் போட்டார். எல்லோரும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள். சலவைக்கடைக்காரர், "நல்லா இருக்குய்யா, லிஃப்ட்டுக்குள்ள போடுவாங்களே, அப்படியே இருக்கு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். பிறகு ஐந்து நாள், வகுப்பு தொடங்கும் முன்பே போய்த் தினமும் கேட்டேன்.

குறை கேட்டாய் அல்லவா, எடுத்துக்கொள். மெல்ல வாசிக்கும் இடத்திலும் ஓங்கி வாசிக்கும் இடத்திலும் ஒரே ஆள் ஒரே முகத்தோடு பேசுவது போல இருக்கிறது. சத்தம் ஏறுகிறது, கோபம் ஏறவில்லை. பியானோவை இறக்கி வைத்ததும் யாராவது தட்டிப் பார்ப்பார்கள். நான் அதன் முதுகில் கை வைத்திருப்பேன். மெல்லத் தட்டினால் ஓரத்தில் மட்டும் அதிரும். ஓங்கி அடித்தால் பெட்டி முழுக்க எழுந்து நிற்கும். குரலே வேறு. உன் பதிவில் கை வைத்துப் பார்க்க ஒரு முதுகு இல்லை.

இரண்டாவது, பெரிய கூடத்தில் வாசிப்பது போல எதிரொலி வைத்திருக்கிறாய். எனக்கு அது கூடமாகப் படவில்லை. காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி வாசிப்பது போல இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். மீதியைக் கவனி. மீதி சரியில்லை. மீதி சரியில்லாத பியானோ நொண்டி. எங்கள் கூட்டத்தில் மீதியைப் பார்க்காமல் எவனும் பெட்டியில் கை வைக்க மாட்டான். முதலில் மீதி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

படிக்கட்டு பற்றியும் எழுத வேண்டும். அதற்கு வேண்டிய சொற்கள் இன்னும் வகுப்பில் வரவில்லை.

உன் அண்ணன்


ஜனவரி 31

அண்ணா,

சரி, 'நீ'. சண்டை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. 'நீங்கள்' தாளில் அதிக இடம் பிடிக்கிறது.

உன் முதல் குறைக்கு நான்கு நாள் ஆனது. கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறேன் என்பதைக் கீபோர்டு ஒன்று முதல் நூற்று இருபத்தேழு வரை ஓர் எண்ணாகச் சொல்லும். என் விரலைச் சோதித்துப் பார்த்தேன். எவ்வளவு மெல்லத் தொட்டாலும் அறுபது. எவ்வளவு ஓங்கினாலும் தொண்ணூறு. என் இருபத்திரண்டு வருஷ வாசிப்பு முழுவதும் அந்த முப்பது எண்களுக்குள் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. இதைச் சரிசெய்யத் திரையில் ஒரு கோடு இருக்கிறது. அதை வளைத்தால் எண்கள் விரியும். வளைத்தேன், வாசித்தேன், திரும்ப வளைத்தேன். இப்போது மெல்லத் தொட்டால் இருபது, ஓங்கினால் நூற்றுப் பதினைந்து. நீ சொன்னது போலக் குரலே மாறுகிறது. ஏனென்றால் உள்ளே மெல்ல வாசித்த ஒலிகளும் ஓங்கி வாசித்த ஒலிகளும் தனித்தனியாக இருக்கின்றன. இத்தனை நாளும் நான் நடுவில் இருந்தவர்களை மட்டும் தட்டி எழுப்பியிருக்கிறேன்.

தண்ணீர்த் தொட்டியையும் வடித்துவிட்டேன். சின்ன அறை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த மீதி! அந்தச் சொல்லை எங்கே பிடித்தாய்? முதலில் எரிச்சல்தான் வந்தது. பெரிய ஞானி மாதிரி எழுதியிருக்கிறானே என்று தாளை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள் காலை கீபோர்டில் உட்கார்ந்ததும் அது தலைக்குள் வந்து நின்றது. நான் கட்டையை அழுத்தும் நொடியை மட்டும்தான் திருத்திக்கொண்டிருந்தேன். விரலை எடுத்த பிறகு என்ன மீதி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நிஜப் பியானோவில் விரலை எடுத்ததும் கம்பளித் துண்டு கம்பியின் மேல் வந்து உட்காரும். அப்போது ஒரு சின்னப் பெருமூச்சு கேட்கும். இங்கே அதற்கு ஒரு குமிழ் இருக்கிறது, இருபத்தாறாவது. வேண்டாத இரைச்சல் என்று நானே அதைப் பூஜ்யத்தில் வைத்திருந்தேன். பாதிக்கு ஏற்றினேன். அறைக்குள் ஆள் வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

மூன்று பதிவுகளையும் புதிதாக வாசித்து அனுப்பினேன். தலைமை ஆசிரியை சொன்னது இதுதான்: "மெதுவான பாடம் ரெண்டும் சரி. பொண்ணுங்க கை தூக்குறதே மாறிடுச்சு. ஆனா குதிச்சு இறங்குறப்போ கீழ தரையே இல்லாத மாதிரி இருக்கு."

இரண்டு முடிந்தன, பத்து பாக்கி. தரை எங்கே என்று எனக்குத் தெரியும். இருபத்தேழாவது குமிழ், ஒரு கம்பியோடு மற்றக் கம்பிகளும் சேர்ந்து அதிரும் ஒலி. ஏற்றினால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கூழாகிறது, இறக்கினால் தரை காணாமல் போகிறது. இன்னும் நான்கு வாரம். புதுப் பதிவுகளை இதோடு வைத்திருக்கிறேன். மீதியைப் பற்றி இன்னும் ஏதாவது தெரிந்தால் எழுது.

தங்கை


பிப்ரவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் எழுந்து நின்று உரக்கப் படித்தேன். எழுத்துக் கூட்டாமல், முழுசாக! 'அந்த மீதி' என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டேன். நான் எப்போது மீதியைப் பற்றி எழுதினேன்?

நான் எழுத நினைத்தது மிதி. காலால் மிதிக்கும் பித்தளை மிதி. நீங்களெல்லாம் பெடல் என்பீர்கள், தூக்குகிறவர்களுக்கு அது மிதி. அந்தப் பாழாய்ப்போன சுழியை ஐந்து இடத்திலும் போட்டிருக்கிறேன், ஒன்றைக்கூட விடவில்லை. டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சலவைக்கடைக்காரர், "தப்பா எழுதியே தங்கச்சிக்கு இவ்ளோ உபகாரம்னா, நீ எதுக்குய்யா சரியா எழுதக் கத்துக்கிற?" என்றார்.

சரி, இப்போது மிதி. சுழி இல்லாமல், கவனமாக எழுதுகிறேன்.

பியானோவைப் படியில் இறக்கும் முன் முதல் வேலை மிதியைத் துணியால் கட்டுவது. கட்டாவிட்டால் இடித்து இடித்து மிதி இறங்கும். கம்பிகளைப் பிடித்திருக்கும் கம்பளி எல்லாம் விலகிவிடும். பிறகு ஒவ்வொரு படிக்கும் பெட்டி முழுக்க 'ம்ம்ம்' என்று உறுமும். தூக்குகிறவனுக்கு முதுகுத்தண்டு வரைக்கும் ஏறும். துணி இறுக்கமாக இருந்தால் ஊமை. அவிழ்ந்தால் உறுமல். கொஞ்சம் தளர்ந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு முனகல் வரும். எனக்கு அதுதான் பிடிக்கும். சில நாள் வேண்டுமென்றே தளர்வாகக் கட்டுவேன்.

உன் பதிவில் ஊமை இருக்கிறது, உறுமல் இருக்கிறது. முனகல் இல்லவே இல்லை. உறுமுவது எல்லாம் ஒரே நேரத்தில் உறுமுவதால்தான் கூழாகிறது. உன் கீபோர்டுக்கும் தரையில் ஒரு மிதி இருக்குமே, அதைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார். எதைத் தூக்கினாலும் நாங்கள் முதலில் அடியைத்தான் பார்ப்போம்.

படிக்கட்டுக்கான சொற்களும் வந்துவிட்டன. இதற்கு மேல் எழுதுவதை மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

அன்று பியானோ ஏறப் படிக்கட்டில் இடம் போதுமாகத்தான் இருந்தது. மூன்றாம் மாடித் திருப்பத்தில்கூட நான்கு விரல் இடம் மிச்சம் இருந்தது. போதாதது என் தோள். அதற்கு முந்தைய வாரம் ஒரு பெட்டியைப் பிடிக்கும்போது வலது தோள் விட்டுப்போனது. ஆட்கள் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களை மட்டும் தூக்கச் சொல்லியிருக்கலாம். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கீழே நிற்க, தங்கையின் பியானோ மேலே போவதா என்று இருந்தது. 'ஏறாது' என்றேன். சொன்னபோது அதில் எத்தனை எழுத்து என்று தெரியாது. இப்போது எண்ணிப் பார்த்தேன். மூன்று.

உன் அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணாவுக்கு,

நான்கு விரல் இடம்.

அந்தப் பியானோவின் மூடியை என் கையால் பூட்டிச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேறு ஆட்கள் வந்திருப்பார்கள். அரை மணி நேர வேலை.

இப்போது இதற்கு மேல் எழுத முடியாது. பத்துப் பதிவுகள் பாக்கி இருக்கின்றன. மிதியின் அடியைப் பார்த்தேன். அதைப் பற்றிப் பிறகு.

தங்கை


பிப்ரவரி 15

அன்புள்ள தங்கைக்கு,

கோபம் நியாயம். 'நீங்கள்' திரும்பி வந்ததும் நியாயம். அதைப் பற்றி இதில் வேறு எதுவும் எழுதவில்லை.

உன் பதிவைத் திரும்பக் கேட்டேன். நான்கு இடத்தில் மிதி பிந்தி விழுகிறது. உன் கால் மிதியைத் தேடுகிறது என்று அர்த்தம். தரையில் நழுவுகிறதா? பார்சலில் ஒரு பலகை இருக்கிறது. அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறேன். முன்பக்கம் மிதி உட்கார ஒரு தடுப்பு. பின்பக்கத்தில் உன் நாற்காலியின் முன்கால் இரண்டையும் பலகை மேல் வை. நீ உட்கார்ந்தால் உன் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். இழைக்க இரண்டு நாள், ஒட்ட ஒரு நாள்.

தபால் நிலையம் வரை நானே தூக்கிப் போனேன். இடது தோளில், மூன்று இடத்தில் நின்று நின்று. "கொஞ்சம் பிடிங்க" என்று வழியில் ஒருவரைக் கேட்டேன். கேட்டால் பிடிக்கிறார்கள்.

அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணா,

மிதியின் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. நகக்கண் அளவுதான். இரண்டு நிலை. ஒன்றில் வைத்தால் மிதி விளக்கு மாதிரி, உண்டு அல்லது இல்லை. மற்றதில் வைத்தால் கால் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு. மூன்று வருஷம் அதை விளக்கு மாதிரி மிதித்திருக்கிறேன். ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு குமிழ்களுக்கு நோட்டுப் போட்டவள், காலடியில் இருந்ததைப் பார்க்கவில்லை!

உன் கடிதம் வந்த அன்றே அதை மாற்றினேன். கோபத்தோடுதான் மாற்றினேன். இருபத்தேழாவது குமிழை மூன்றில் ஒரு பங்கு ஏற்றி, அடிக்கட்டை ஒன்றை அழுத்தி, மிதியைப் பாதி இறக்கினேன். மற்றக் கம்பிகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. கூழாகவில்லை. நீ எழுதிய முனகல்தான். படியில் இறங்கும் பியானோவை நான் கேட்டதில்லை, ஆனால் இதுதான் அது என்று தெரிந்தது. உன் மேல் இருந்த கோபத்தில் கீபோர்டை மூடவும் முடியவில்லை, நன்றாக இருப்பதால் திட்டவும் முடியவில்லை.

பலகை வந்த பிறகு கால் தேடுவதை நிறுத்திவிட்டது. பத்துப் பதிவுகளையும் ஏழு நாளில் முடித்தேன். குதிப்புப் பாடத்தை மட்டும் முப்பத்தொரு தடவை வாசித்தேன்.

நேற்று தலைமை ஆசிரியை வகுப்பிலிருந்தே போன் செய்தார். "இருங்க, வச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பதிவைப் போட்டார். போனில் என் பியானோ தகரம் மாதிரிக் கேட்டது. அதை நான் கவனிக்கவே இல்லை. பெண்கள் எழும்பும்போது ஒரு அமைதி. பிறகு இருபது பாதமும் சேர்ந்து ஒரே 'தம்'. திரும்ப அமைதி, திரும்ப 'தம்'. கையில் போனோடு நின்றபடி நானும் குதிகாலை உயர்த்தியிருந்தேன்.

"இப்போ தரை இருக்கும்மா" என்றார். பிறகு, "ஒருத்தி கேக்குறா, இந்தப் பியானோ எந்த ஹால்ல இருக்குன்னு" என்றார். சாப்பாட்டு மேசையில் இருக்கிறது என்று சொன்னேன். மூன்று பதிவுகளை இன்னும் கொஞ்சம் திருத்தக் கேட்டிருக்கிறார். வேலை என்னுடையதுதான். பொத்தானை வாங்கவில்லை.

இப்போது அந்த விஷயம். நீ மூன்று எழுத்தில் ஒரு பொய் சொன்னாய். அதற்கு நான் சொன்னது உன் பொய்யைவிட நீளம், வலியும் அதிகம். ஐந்து மாடிப் படிக்கட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு நான்கு விரல் இடம் இருக்கிறது என்று கண்டுகொண்டவனிடம், என்ன தெரியும் என்று கேட்டேன். பியானோ போன கோபம் இன்னும் இருக்கிறது. அது போக நாளாகும். நான் கேட்டது தப்பு. அதற்கு நாளாக வேண்டியதில்லை, இன்றே எழுதிவிடுகிறேன்.

வா. பதினாலாம் தேதி வந்தால் எனக்கு வேலை இருக்காது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன், உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு ஏறு. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் வாசிக்கிறேன், கீழ்வீட்டம்மாவும் நான் என்ன நறுக்குகிறேன் என்று தெரிந்துகொள்ளட்டும். கையில் எதையும் தூக்கிக்கொண்டு வராதே.

தங்கை


மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வகுப்பில், எல்லோருக்கும். இரண்டாவது முறை வீட்டில், எனக்கு மட்டும். வகுப்பில் 'தம்' வந்த இடத்தில் நான் பெஞ்சைக் காலால் ஒரு உதை உதைத்தேன், சலவைக்கடைக்காரரின் மைக்கூடு கவிழ்ந்தது. "உன் தங்கச்சி குதிச்சா என் சட்டை போச்சா?" என்று கத்தினார். நாளைக்கு அவர் கடையிலேயே வெளுத்துக்கொள்வார்.

அந்தக் கடைசிப் பக்கத்தை வகுப்பில் படிக்கவில்லை. அங்கே வந்ததும், "இதுக்கு மேல எழுத்து பொடிசா இருக்கு டீச்சர், படிக்க முடியல" என்று உட்கார்ந்துவிட்டேன். உன் எழுத்து யானை அளவு இருந்தது. டீச்சர் அடுத்த ஆளைப் படிக்கச் சொன்னார்.

பதினாலாம் தேதி வருகிறேன். கையில் இந்த நோட்டு மட்டும். மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், பிறகு அடித்துவிட்டேன். உட்காருவேன். உட்கார்ந்தபடியே அந்தத் திருப்பத்தை விரலால் அளந்து பார்ப்பேன். நான்கு விரல் என்று எழுதியது சரியா என்று தெரிய வேண்டும். மூன்று வருஷமாக அந்த இடத்தை மனதில்தான் அளந்திருக்கிறேன்.

நீ வாசிக்கும்போது ஸ்பீக்கரின் முதுகில் கை வைத்துக்கொள்ளலாமா? வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உனக்குச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. தோளுக்கு இப்போது என்ன மருந்து, 'ஞ' எழுதும்போது பேனா எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது, உன் பியானோ இருக்கும் பள்ளிக்கூடத்தை என் பழைய ஆட்களிடம் விசாரித்துக்கொண்டு போன வாரம் நான் போனது, அது எந்த அறையில், எந்தச் சன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதை யார் வாசிக்கிறார்கள் என்று எல்லாம். ஆனால் தாளில் இரண்டே வரிதான் இருக்கிறது.

மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன். இந்தச் சுழி தெரிந்தே போட்டது.

உன் அண்ணன்